எட்டு வயசு பையன் கையில துப்பாக்கி குடுக்கலாமா? குடுக்கிறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது என்னென்ன

அமெரிக்காவுல கொஞ்ச வருஷம் குப்பை கொட்டின நம்மாளுங்க எல்லாருக்கும் இந்த அழைப்பு ஒரு நாள் வந்தே தீரும். ஆஃபீஸ் ஃப்ரெண்டோ பக்கத்து வீட்டுக்காரரோ, "சனிக்கிழமை ரேஞ்சுக்கு போறோம், பையனையும் கூட்டிட்டு வாங்க, ஏ.ஆர். ஒரு தடவ சுட்டு பாக்கட்டும்"னு சொல்வார். (ரேஞ்சுன்னா துப்பாக்கி சுட்டு பழகற இடம், ஏ.ஆர்.ங்கிறது ராணுவ ரைஃபிள் சாயல்ல இருக்கிற ஒரு ரைஃபிள்.) பையனுக்கு எட்டு வயசு, அவன் அதுக்குள்ள குதிக்க ஆரம்பிச்சிருப்பான், வீட்டம்மா முறைப்பாங்க, நீங்க நடுவுல மாட்டிக்கிட்டு முழிப்பீங்க. நான் பத்து வருஷத்துக்கு மேல ரேஞ்சுக்கு போறவன், துப்பாக்கின்னாலே அலர்ற ஆளு இல்ல, என் பொண்ணுக்கும் நானே சுட சொல்லிக் குடுத்திருக்கேன், சொல்லிக் குடுத்தப்ப ஒரு தப்பும் பண்ணிருக்கேன், அத கீழ சொல்றேன்.

அவசரத்துல இருக்கிறவங்களுக்கு முதல்லயே பதில். ஃபுல் ஆட்டோ, அதாவது விசைய அழுத்திப் பிடிச்சா நிக்காம சுடுற மெஷின் கன், சின்ன பசங்களுக்கு கிடையவே கிடையாது, பக்கத்துல எவ்வளவு பெரிய இன்ஸ்ட்ரக்டர் நின்னாலும் சரி. கைத்துப்பாக்கி வேணாம். தோள பலமா உதைக்கிற 12 கேஜ் ஷாட்கன் வேணாம். ஏ.ஆர். மாதிரி ரைஃபிள்ல மேகசின், அதாவது தோட்டா அடுக்கற பெட்டிய, ரொப்பி குடுக்கிறது வேணாம். பத்து வயசு பக்கம் வந்த, சொன்னா கேக்கற புள்ளைக்கு, ஏர் ரைஃபிள்ல பழகினதுக்கு அப்புறம், ஒத்த தோட்டா போடுற பாயிண்ட் 22ங்கிற சின்ன தோட்டா ரைஃபிள், அதுவும் ஒவ்வொரு தோட்டாவா பெரியவங்க கையால போட்டு, இதுக்கு மட்டும் நான் சரி சொல்வேன். இதுக்கே வேணாம்னு சொல்ற அப்பா அம்மாவ நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ஏன் இவ்வளவு கறாரா பேசறேன்னா ரெண்டு சம்பவம் இருக்கு. 2008 அக்டோபர்ல மாசசூசெட்ஸ் மாநிலம் வெஸ்ட்ஃபீல்டுல ஒரு துப்பாக்கி கண்காட்சி, அங்க எட்டு வயசு பையன் மைக்ரோ ஊஸிங்கிற குட்டி மெஷின் கன் சுட்டான், துப்பாக்கி கையில துள்ளி மேல திரும்பி அவன் தலையிலயே குண்டு பாஞ்சு இறந்துட்டான். அவங்க அப்பா ஒரு டாக்டர், சில அடி தூரத்துல நின்னு வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தார். பையன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டவனுக்கு வயசு 15. அடுத்தது 2014 ஆகஸ்ட் 25, அரிசோனாவுல வொய்ட் ஹில்ஸ்ங்கிற இடத்துல ஒரு ரேஞ்ச், டூர் வந்த குடும்பம், ஒன்பது வயசு பொண்ணு, ஊஸி. இன்ஸ்ட்ரக்டர் முதல்ல ஒத்தக் குண்டா சுட வெச்சார், அது நல்லாவே போச்சு, அப்புறம் ஆட்டோவுக்கு மாத்தினார், அடுத்த ரெண்டு செகண்டுல துப்பாக்கி அவள மீறி இடது பக்கமா மேல ஏறி, அங்க நின்ன அவர் தலையிலயே குண்டு பட்டு அன்னைக்கே இறந்துட்டார்.

இந்த ரெண்டுலயும் யாரும் சட்டத்த உடைக்கணும்னு கிளம்பல, குழந்தை தனியா எடுத்து விளையாடல, பெரியவங்க பக்கத்துலயே இருந்தாங்க. "நான்தான் கூடவே நிக்கிறேனே"ங்கிற தைரியம்தான் நம்ம எல்லாருக்கும் இருக்கு, அந்த தைரியம் எந்த இடத்துல காலை வாரும்னு புரிஞ்சுக்கணும்னா துப்பாக்கி எப்படி உதைக்குதுன்னு பாக்கணும்.

குண்டு முன்னாடி போறப்ப துப்பாக்கி பின்னாடி வரும், இது ஸ்கூல்ல படிச்ச நியூட்டன் விதி. ஆனா அந்த உதை வர்ற கோடு குழல் வழியா வருது, நம்ம பிடி அதுக்கு கீழ இருக்கு, அதனால துப்பாக்கி நேரா பின்னாடி வராம வாய, அதாவது குண்டு வெளிய வர்ற முனைய, மேல தூக்கும். பெரியவங்க உடம்ப முன்னாடி சாச்சு எடைய வெச்சு அத அமுக்கிடுவோம். எட்டு வயசு புள்ளைக்கு 25 கிலோ இருக்கும், கையில இருக்கிற துப்பாக்கியே கனம், அத தாங்கறதுக்காக அது ஏற்கனவே இடுப்ப வளைச்சு பின்னாடி சாஞ்சு நிக்கும். முதல் குண்டுலயே உடம்பு எடை மொத்தமும் குதிகால் மேல போயிரும். ஒத்தக் குண்டுன்னா அதோட முடிஞ்சுது, வாய் வானத்த பாத்துக்கிட்டு நிக்கும், நீங்க வாங்கிக்கலாம். ஊஸி நிமிஷத்துக்கு சுமார் 600 குண்டு, செகண்டுக்கு பத்து, மைக்ரோ ஊஸி அதவிட எடை கம்மி, வேகம் நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல. ஏதோ தப்பா போகுதுன்னு மூளைக்கு எட்டி விரல எடுக்க அரை செகண்டு ஆச்சுன்னா அதுக்குள்ள அஞ்சு குண்டு போயிரும், ஒவ்வொண்ணும் வாய இன்னும் கொஞ்சம் தூக்கும். இதுல இன்னொரு கொடுமை, பயந்தா கை தானா இறுகும், விடாது. பஸ் சடன் பிரேக் போட்டா கம்பிய எப்படி பிடிக்கறோம், அதே மாதிரி புள்ள விசைய இறுக்கிப் பிடிக்கும்.

அதனால "இவன் சுடுவானா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் சுடுவாங்க, விசைய இழுக்க பெரிய பலம் தேவையில்ல. 1995ல வந்த ஒரு ஆராய்ச்சியில ரெண்டு விரலால பத்து பவுண்டு பலத்துக்கு விசை இழுக்க முடியுமான்னு பசங்கள சோதிச்சு பாத்தாங்க, 3-4 வயசுலயே 25 சதவீதம் பேரால முடிஞ்சுது, 7-8 வயசுல 90 சதவீதம். கேக்க வேண்டிய கேள்வி, முதல் குண்டு போன அடுத்த நொடி துப்பாக்கி யார் கட்டுப்பாட்டுல இருக்கு? ரெண்டாவது குண்டு எங்க போகும்னு உங்களால சொல்ல முடியலன்னா அந்த துப்பாக்கி அந்த புள்ளைக்கு இல்ல.

"ஏ.ஆர். அவ்வளவா உதைக்காதே, 12 கேஜ்தான் தோள பேக்கும்"னு ரேஞ்ச்ல ஒருத்தர் கண்டிப்பா சொல்வார், அவர் சொல்றது உண்மைதான். ஆனா அது மூணு கிலோ எடை, குழந்தைக்கு நீட்டிப் பிடிக்க முடியாது, சத்தம் காதப் பொளக்கும், விசைய எத்தன தடவ இழுக்கிறமோ அத்தன குண்டு போகும். பாயிண்ட் 22 தோட்டா சுமார் 150 ஜூல் சக்தியோட போகும், ஏ.ஆர். தோட்டா 1,700 பக்கம். உதை கம்மிங்கிறது சுடறவன் தோளுக்குத்தான், எதிர்ல இருக்கிறவனுக்கு இல்லையே. பாயிண்ட் 22ன்னாலும் சும்மா நினைக்காதீங்க, அது ஒரு கிலோமீட்டர் தாண்டி போகும், கொல்லும். 2013ல கெண்டக்கியில அஞ்சு வயசு பையன் தனக்கு பரிசா வந்த குட்டி பாயிண்ட் 22 ரைஃபிளால ரெண்டு வயசு தங்கச்சிய சுட்டுட்டான், உள்ள தோட்டா இருந்ததே வீட்டுல யாருக்கும் தெரியல.

கைத்துப்பாக்கிய ஏன் மொத்தமா ஒதுக்கறேன்னா, குழல் குட்டை. நீளமான ரைஃபிள ஒரு புள்ள திருப்பினா நம்ம கை குழல தடுக்க நேரம் இருக்கும், கைத்துப்பாக்கி மணிக்கட்டு திரும்பினா போதும், யார் வேணா குறியில வந்துருவாங்க.

புள்ள ரெடியான்னு வீட்டுலயே பாக்கலாம்

ரேஞ்சுக்கு போய் காசு கட்டிட்டு யோசிக்காதீங்க, அங்க போனா "இவ்வளவு தூரம் வந்தாச்சு"ன்னு மனசு சாயும். வீட்டுலயே ஒரு லிட்டர் தண்ணி பாட்டில குடுத்து, கைய நேரா நீட்டிப் பிடிக்க சொல்லுங்க, இருபது செகண்டு. தோட்டா ரொப்பின கைத்துப்பாக்கி கிட்டத்தட்ட அந்த எடைதான். பத்து செகண்டுல பாட்டில் ஆட ஆரம்பிக்கும், முதுகு பின்னாடி வளையும், ஆசையா இருக்கிற பையனுக்கும் அப்பவே புரியும், நீங்க லெக்சர் அடிக்கவே வேண்டாம்.

எடைய விட முக்கியமானது இன்னொண்ணு. நல்லா விளையாடிக்கிட்டு, கத்திக்கிட்டு, உச்சத்துல இருக்கிறப்ப திடீர்னு "நிறுத்து"ன்னு சொல்லுங்க. அப்படியே நிக்கிறானா, இல்ல "ஒரு நிமிஷம்பா"ங்கிறானா. ஒரு நாள் பாத்தா போதாது, ரெண்டு வாரம் பாருங்க. பத்துக்கு பத்து நிக்கணும், ஒன்பதுன்னா இன்னும் ஒரு வருஷம் போகட்டும். வீடியோ கேம்ல கெட்டிக்காரன்கிறதெல்லாம் கணக்குல வராது, சொல்லப்போனா அது எதிர் கணக்கு, அங்க செத்தவன் எந்திரிச்சு வருவான்.

அப்புறம் விதி நாலு. எல்லா துப்பாக்கியிலயும் தோட்டா இருக்குன்னே நினைச்சுக்கணும், சுடக்கூடாத எது பக்கமும் வாய் திரும்பக்கூடாது, குறி பாத்து முடிக்கிற வரைக்கும் விரல் விசை மேல போகக்கூடாது, குறிக்கு பின்னாடி என்ன இருக்குன்னு தெரியணும். இத ஒப்பிக்க வெச்சு சந்தோஷப்படாதீங்க, ஒரு குச்சியோ துடைப்பக் கட்டையோ குடுத்து ஹால்ல நடக்க விடுங்க, பின்னாடியிலிருந்து பேர் சொல்லி கூப்பிடுங்க. திரும்பறப்ப குச்சியும் சேர்ந்து திரும்புதா? திரும்பும். எல்லா புள்ளைக்கும் முதல் நாள் திரும்பும். அது திரும்பாம தலை மட்டும் திரும்பற வரைக்கும் குச்சிதான்.

ரேஞ்ச்ல நடக்கிறது

என் தப்ப இப்ப சொல்றேன். பொண்ணுக்கு அப்ப ஒன்பது வயசு, பாயிண்ட் 22 ரைஃபிள்தான், ஆனா செமி ஆட்டோ (ஒரு குண்டு சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறிக்கும்), ஒவ்வொரு தடவையும் போட சோம்பேறித்தனப்பட்டு நான் மேகசின்ல அஞ்சு தோட்டா போட்டுட்டேன். வட்டக் கழுத்து டி-ஷர்ட் போட்டிருந்தா. ரெண்டாவது குண்டுல வெளிய தெறிச்ச காலி கூடு, சூடா, நேரா அவ கழுத்து வழியா உள்ள விழுந்துடுச்சு. "அப்பா சுடுதுப்பா"ன்னு கத்திக்கிட்டே என் பக்கம் திரும்பினா, கையில ரைஃபிள், விரல் உள்ள, உள்ள இன்னும் மூணு தோட்டா. நான் குழல பிடிச்சு கீழ அமுக்கினேன், ஒண்ணும் ஆகல, கழுத்துக்கு கீழ ஒரு ரூபா அளவுக்கு சிவந்துச்சு, ஐஸ் வெச்சோம், அவ்வளவுதான். நாலு விதியும் அவளுக்கு தூக்கத்துல கேட்டாலும் தெரியும். ஆனா ஒரு சூடான பித்தளை துண்டு கழுத்துல விழுந்தா எந்த விதியும் ஞாபகம் வராது, ஒன்பது வயசுல அதான் இயல்பு.

அன்னையிலிருந்து என் பழக்கம், கழுத்து மூடின முழுக்கை சட்டை, முன்பக்கம் நீட்டின தொப்பி, கண்ணுக்கு கண்ணாடி, ஒத்தத் தோட்டா போல்ட் ரைஃபிள் மட்டும் (போல்ட்ங்கிறது தோட்டா போட கையால திறந்து மூடற தாழ்ப்பாள் மாதிரி பாகம்). தோட்டா என் பாக்கெட்ல இருக்கும், ஒண்ண எடுத்து நான் போடுவேன், அவ சுடுவா, போல்ட திறந்து வெச்சு கைய எடுப்பா, அப்புறம்தான் அடுத்தது. ரைஃபிள் டேபிள் மேல மணல் மூட்டையிலதான் உக்காந்திருக்கணும், புள்ள நாற்காலியில உக்காந்து சுடணும், நின்னுக்கிட்டு கையில தூக்கி சுடறதெல்லாம் பிற்பாடு. நீங்க நிக்க வேண்டிய இடம் அவளுக்கு கொஞ்சம் பின்னாடி, பக்கவாட்டுல, ஒரு கை எப்பவும் குழலையும் கட்டையையும் (தோள்ல வெச்சுக்கற பின்பாகம்) எட்டற தூரத்துல, குழலுக்கு முன்னாடி உங்க உடம்போட எந்த பாகமும் போகக்கூடாது. அந்த நேரத்துல ஃபோன் பாக்கெட்லயே இருக்கட்டும், வீடியோ வேணும்னா வேற யாராவது பின்னாடியிருந்து எடுக்கட்டும். ரைஃபிளோட கட்டை புள்ள கைக்கு ஏத்த நீளமான்னும் பாருங்க, பெரியவங்க ரைஃபிள குடுத்தா கன்னம் கட்டையில படியாது, அது கக்கத்துக்கு கீழ இடுக்கிக்கும், அப்புறம் குறியும் இல்ல பிடியும் இல்ல.

காது பத்தி நம்மாளுங்க ரொம்ப அலட்சியம். துப்பாக்கி சத்தம் பெரும்பாலும் 140 டெசிபலுக்கு மேல, உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு வெச்சிருக்கிற உச்ச வரம்பு 120. காதுக்குள்ள நுரை ப்ளக், அது மேல குழந்தை சைஸ் இயர் மஃப், ரெண்டும். பெரியவங்க மஃப் லூசா நிக்கும், அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். முதல் நாள் மூடின ரேஞ்சுக்கு கூட்டிட்டு போகாதீங்க, பக்கத்து லேன்ல ஒருத்தர் பெரிய துப்பாக்கிய போட்டார்னா சுவரெல்லாம் அதிரும், புள்ள அங்கயே உறைஞ்சுரும். இன்னொண்ணு ஈயம். தோட்டா அடியில இருக்கிற ப்ரைமர்ல பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும், சுடறப்ப அது தூசியா காத்துல வரும், கையில துணியில ஒட்டும். குழந்தை உடம்பு அத பெரியவங்கள விட அதிகமா இழுத்துக்கும். அதனால அங்க இருக்கிற வரைக்கும் தின்ன குடிக்க எதுவும் குடுக்காதீங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டு கை மூஞ்சி கழுவுங்க, வீட்டுக்கு வந்ததும் துணிய தனியா துவைங்க, ஷூ வாசல்லயே இருக்கட்டும். கர்ப்பமா இருக்கிறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க வேடிக்கை பாக்கக்கூட வர வேண்டாம்.

அங்க யாராவது, ரேஞ்ச் ஆளாவே இருக்கட்டும், "நல்லா சுடறானே, இத ஒண்ணு ட்ரை பண்ணட்டும்"னு பெரிய துப்பாக்கிய நீட்டுவாங்க. அரிசோனாவுலயும் ஒத்தக் குண்டு நல்லா போனதுக்கு அப்புறம்தான் ஆட்டோவுக்கு மாத்தினாங்கங்கிறத மறக்காதீங்க. "தேங்க்ஸ், இன்னைக்கு இது போதும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு ரைஃபிள பைக்குள்ள வைங்க, விளக்கம் குடுக்க நின்னீங்கன்னா பேசியே கரைச்சிருவாங்க. இருபது குண்டுக்கு மேல எந்த புள்ளைக்கும் கவனம் நிக்காது, எப்படியும் கிளம்பற நேரம்தான்.

சட்டத்த நம்பி இருக்காதீங்க. ஃபெடரல், அதாவது நாடு முழுசுக்குமான சட்டப்படி 18 வயசுக்கு கீழ இருக்கிறவங்க கைத்துப்பாக்கி வெச்சிருக்கக்கூடாது, ஆனா குறி பழகறது, வேட்டை, பண்ணை வேலை மாதிரி காரணத்துக்கு அப்பா அம்மா எழுதிக் குடுத்தா விலக்கு உண்டு. ரைஃபிள், ஷாட்கன் வெச்சிருக்க ஃபெடரல்ல குறைஞ்சபட்ச வயசே கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். "ஸ்விட்சர்லாந்துல பசங்க ராணுவ ரைஃபிளே சுடறாங்களே"ன்னு வாதாடறவங்களும் உண்டு, சரிதான், ஜூரிக்ல வருஷா வருஷம் போட்டி நடக்குது, ஆனா அதுல கலந்துக்கறவங்க வயசு 13லருந்து 17, தரையில படுத்துக்கிட்டு, துப்பாக்கி கால் ஊனி நிக்க, 300 மீட்டர் தூரத்துல இருக்கிற குறிய சுடறாங்க. எட்டு வயசு பையன நிக்க வெச்சு ஊஸி குடுக்கிறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டுல இருக்கிற துப்பாக்கி

ரேஞ்ச்ல ஒரு மணி நேரம் இவ்வளவு பாத்துக்கறோம், மீதி நேரம் எல்லாம் அந்த துப்பாக்கி எங்க இருக்கு? எனக்கு ரேஞ்ச விட இதான் பயம். 2001ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 8லருந்து 12 வயசு பசங்கள ரெண்டு மூணு பேரா ஒரு ரூம்ல விட்டுட்டு, டிராயர்ல ஒரு நிஜ கைத்துப்பாக்கிய ஒளிச்சு வெச்சு, கண்ணாடிக்கு பின்னாடியிருந்து பாத்தாங்க. மொத்தம் 29 குழு, கால் மணி நேரம். 21 குழு கண்டுபிடிச்சுட்டாங்க, அதுல 16 குழு கையில எடுத்துட்டாங்க, பத்து குழுவுல ஒருத்தன் விசையையும் இழுத்துட்டான். துப்பாக்கிய கையில எடுத்த பசங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல துப்பாக்கி பாதுகாப்பு பத்தி ஏதோ ஒரு பாடம் ஏற்கனவே கேட்டவங்க. "நில்லு, தொடாதே, ஓடிரு, பெரியவங்ககிட்ட சொல்லு"ன்னு கழுகு பொம்மைய வெச்சு ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கிறாங்க, சொல்லிக் குடுங்க, நானும் சொல்லிக் குடுத்திருக்கேன், ஆனா அத பூட்டுக்கு பதிலா நினைக்காதீங்க.

"எங்க வச்சிருக்கேன்னு அவனுக்கு தெரியாது"ன்னு சொல்ற அப்பாக்கள பாத்தா எனக்கு சிரிப்பா வரும். 2006ல இதையும் கேட்டு பாத்தாங்க, புள்ளைக்கு இடம் தெரியாதுன்னு சொன்ன பெத்தவங்கள்ல 39 சதவீதம் பேரோட புள்ளைங்க, தெரியும்னு தனியா சொல்லிருக்காங்க. தீபாவளிக்கு வாங்கின ஸ்வீட் டப்பாவ எங்க ஒளிச்சாலும் கண்டுபிடிக்கிற பசங்க, அலமாரி மேல் தட்டு என்ன பெரிய ரகசியம். தோட்டா எடுத்துட்டு, துப்பாக்கிய பூட்டி, தோட்டாவ வேற இடத்துல தனியா பூட்டி வைங்க. சாவி டிராயர்ல வேண்டாம், உங்க கூடவே இருக்கட்டும். நம்பர் பூட்டுன்னா பொறந்த நாள், வீட்டு நம்பர் எல்லாம் வைக்காதீங்க, ஐபேட் பாஸ்கோட நீங்க போடறப்ப ஓரமா பாத்தே கத்துக்கிட்டவன் அவன். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் துப்பாக்கியே இல்லாத வீடுதான் குழந்தைக்கு பாதுகாப்புன்னு சொல்லுது, எங்கிட்ட துப்பாக்கி இருக்கு, அவங்க சொல்றது தப்புன்னு என்னால சொல்ல முடியாது.

கடைசியா, உங்க வீட்டுல துப்பாக்கியே இல்லன்னாலும் இது உங்களுக்குத்தான். புள்ள விளையாட போற வீட்டுல கேளுங்க. கூச்சமாத்தான் இருக்கும், அதனால அலர்ஜி கேக்கிற மாதிரி சேத்து கேட்டுருங்க: "இவனுக்கு வேர்க்கடலை ஆகாது, நாய்னா கொஞ்சம் பயம், அப்புறம் எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், வீட்டுல கன் இருந்தா பூட்டித்தானே வெச்சிருக்கீங்க?" நான் இதுவரைக்கும் பத்து பதினஞ்சு வீட்டுல கேட்டிருக்கேன். துப்பாக்கி வெச்சிருக்கிறவங்கதான் முதல்ல பதில் போடுவாங்க, ஒருத்தர் பெட்டிய படம் எடுத்தே அனுப்பினார். ஒரே ஒருத்தர் மட்டும் "ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா"ன்னு முகம் சுழிச்சார், அந்த பையன் இப்ப எங்க வீட்டுக்கு வந்து விளையாடறான்.